ஒளி ஊடுருவும் அலுமினியம்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பொருளறிவியலைப் பற்றி எந்தத் தலைப்பில் பேசினாலும், பேச்சு முடிந்ததும் யாராவது ஒருவர் எழுந்து “கண்ணாடி மாதிரி அலுமினியம் கண்டுபிடித்துவிட்டார்களாமே?” என்று கேட்காமல் இருந்ததில்லை. கேட்பவர்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. ஆகவே அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்து, எனக்குத் தெரிந்த விடைகளைக் கீழே தந்திருக்கிறேன்.

படத்தில் காட்டிய கண்ணாடி அலுமினியம் உண்மையிலேயே வந்துவிட்டதா, இல்லை இதுவும் வாட்ஸ்அப் கதைதானா?

1986இல் வெளிவந்த ஸ்டார் டிரெக் வரிசையின் நான்காவது படத்தில், எதிர்காலத்திலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு வரும் பொறியாளர் ஒருவர், திமிங்கிலங்களை ஏற்றிச்செல்லத் தேவையான தொட்டிப் பலகைகளைப் பெறுவதற்காக, ஒளி ஊடுருவும் அலுமினியத்தின் சூத்திரத்தை ஓர் ஆலைக்காரருக்குச் சொல்லிக்கொடுப்பார். பேச்சு முழுவதும் அந்தக் காட்சியிலிருந்துதான் தொடங்குகிறது. அதில் வரும் பொருள் கற்பனைதான். ஆனால் அந்தப் பெயரை இன்று சுமந்து திரியும் பொருள் உண்மையானது. அது அலுமினியம் ஆக்சிநைட்ரைடு என்னும் செராமிக், சுருக்கமாக அலான்.

பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் செய்தி ஒன்று உண்டு. படத்தைப் பார்த்துவிட்டு யாரும் இதைக் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்கத் தரைப்படையின் வாட்டர்டவுன் ஆய்வகத்தில் மெக்காலியும் கார்பினும் இதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையை 1979இலேயே வெளியிட்டுவிட்டார்கள். அதன்பின் ரேதியான் நிறுவனம் இதைப் பலகையாகச் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றது. படம் வந்தது அதற்குப் பிறகுதான். 2002இல் தொழில்நுட்பம் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சர்மெட் நிறுவனத்திடம் கைமாறியது.

அலுமினியத் தட்டு வழியாக எதுவும் தெரியாதே, அதை எப்படிக் கண்ணாடி ஆக்கினார்கள்?

ஆக்கவில்லை. அலுமினியம் உலோகமாக இருக்கும்வரை அதன் வழியாக ஒளி போகாது. உலோகத்தில் கட்டுப்பாடின்றி உலவும் எலக்ட்ரான்கள், தம்மேல் விழும் ஒளியின் அலைவுக்கு ஈடுகொடுத்து அசைந்து அதைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. பாத்திரம் பளபளப்பதற்கும் அதன் வழியாகப் பார்க்க முடியாததற்கும் காரணம் ஒன்றே.

அலுமினியம் ஆக்சிஜனோடும் நைட்ரஜனோடும் வேதிப்பிணைப்பில் சேர்ந்துவிட்டால் நிலைமை வேறு. எலக்ட்ரான்கள் பிணைப்புகளில் கட்டுண்டுபோகின்றன. அவற்றை அங்கிருந்து பெயர்த்தெடுக்க ஆறு எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் குறையாத ஆற்றல் வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஒளியிடம் இருப்பதோ இரண்டிலிருந்து மூன்று எலக்ட்ரான் வோல்ட்தான். பிடித்து வைக்க ஆளில்லாத ஒளி நேரே கடந்துபோகிறது.

அப்படியானால் ‘அலுமினியம்’ என்று சொல்வதே ஏமாற்றுதானே?

விளம்பர வாசகம் என்று சொல்லலாம். அலானின் எடையில் சுமார் 55 சதவீதம் அலுமினியம் என்பது சரியே. ஆனால் அதே நியாயப்படி பார்த்தால் கல்லுப்பை “ஒளி ஊடுருவும் சோடியம்” என்று அழைக்க வேண்டியிருக்கும். உப்பைத் தண்ணீரில் போட்டால் சோடியத்தைப் போல வெடிக்குமா என்று யாரும் அஞ்சுவதில்லை. அலானையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்: அது வளையாது, தகடாகத் தட்ட வராது, மின்சாரத்தைக் கடத்தாது.

செராமிக் என்றால் தேநீர்க் கோப்பையும் தரை ஓடும்தானே? அவை வெள்ளையாக இருக்கும்போது இது மட்டும் எப்படித் தெளிவாக இருக்கிறது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள். வடை மடித்துக் கொடுத்த காகிதத்தில் எண்ணெய் ஊறிய இடத்தை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள். அந்த இடம் மட்டும் ஒளியை விடும். எண்ணெய் காகிதத்தைக் கரைத்துவிடவில்லை. காகிதத்தின் நார்களுக்கு நடுவே காற்று நிரம்பிய இடுக்குகள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஒளி நாரிலிருந்து காற்றுக்கும் காற்றிலிருந்து நாருக்கும் மாறும் ஒவ்வொரு முறையும் திசைமாறிச் சிதறுவதால்தான் காகிதம் வெள்ளையாகத் தெரிகிறது. காற்று இருந்த இடத்தில் எண்ணெய் புகுந்ததும் சிதறல் குறைந்துவிடுகிறது. கற்கண்டு தெளிவாகவும் அதைப் பொடித்தால் வெள்ளையாகவும் இருப்பதும் இதனால்தான்.

கோப்பையின் களிமண்ணும் அப்படியே. பொடியை அச்சில் இறுக்கிச் சூளையில் சுடும்போது துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஆனால் அவற்றுக்கு இடையே இருந்த காற்று முழுவதும் வெளியேறுவதில்லை. மிஞ்சிய துளைகளின் அளவு ஒளியின் அலைநீளத்தை, அதாவது 0.4 முதல் 0.7 மைக்ரான் வரையிலான அளவை, ஒட்டியிருந்தால் சிதறல் மிகக் கடுமையாக இருக்கும். மொத்தக் கன அளவில் ஆயிரத்தில் ஒரு பங்கைத் துளைகள் பிடித்திருந்தாலே சில மில்லிமீட்டர் தடிமனுள்ள பலகை மங்கிப்போகும். ஆகவே ஒளி ஊடுருவும் செராமிக் என்பது புதுமையான மூலப்பொருளால் வந்ததன்று. துளையே இல்லாமல் சுடக் கற்றுக்கொண்டதால் வந்தது.

துளையை நீக்கிவிட்டால் எல்லாச் செராமிக்கும் கண்ணாடி ஆகிவிடுமா?

ஆகாது. செராமிக் என்பது ஒரே படிகம் அன்று. கோடிக்கணக்கான சிறு படிகமணிகள் வெவ்வேறு திசைகளை நோக்கியபடி நெருக்கியடித்து நிற்கும் கூட்டம். சில படிகங்களில் ஒளி போகும் திசையைப் பொறுத்து ஒளிவிலகல் எண் மாறும். அலுமினா, அதாவது அலுமினியம் ஆக்சைடு, அத்தகையது. அதன் இரு எண்களுக்கும் உள்ள வேறுபாடு வெறும் 0.008 என்றாலும், ஒளி ஒரு படிகமணியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது அந்தச் சிறு பிசகுகள் சேர்ந்துகொண்டே போய் உருவத்தைக் கலைத்துவிடும். வெளிச்சம் வரும், முகம் தெரியாது.

இதற்கு ஒரு வழி, எல்லாத் திசைகளிலும் ஒரே ஒளிவிலகல் எண் கொண்ட கனசதுரப் படிக அமைப்புள்ள பொருளைத் தேர்ந்தெடுப்பது. அலான், மெக்னீசியம் அலுமினேட் ஸ்பினெல், யாக் எனப்படும் இட்ரியம் அலுமினியம் கார்னெட் ஆகிய மூன்றும் இவ்வகையைச் சேர்ந்தவை என்பது தற்செயல் அன்று. யாக் செராமிக்கை லேசர் ஒளிரும் அளவுக்குத் தூய்மையாகச் செய்ய முடியும் என்று ஜப்பானின் அகியோ இகெசுவே 1995இல் காட்டியபோது, அதுவரை ஒற்றைப் படிகங்களையே நம்பியிருந்த லேசர் துறையினர் திரும்பிப் பார்த்தார்கள்.

இதையெல்லாம் ஆய்வகத்தில்தான் பார்க்க முடியுமா? சாதாரண மனிதன் கண்ணில் படவே படாதா?

நீங்கள் பல ஆண்டுகள் இதன் வெளிச்சத்தில் நடந்திருப்பீர்கள். எல்இடி வருவதற்கு முன் நம் நெடுஞ்சாலைகளில் மஞ்சளாக எரிந்த சோடியம் ஆவி விளக்குகளின் உள்ளே, விரலைவிட மெல்லியதாகப் பால்நிறக் குழாய் ஒன்று இருக்கும். ஆயிரம் டிகிரியைத் தாண்டிய சோடியம் ஆவி சாதாரணக் கண்ணாடியையும் குவார்ட்ஸையும் அரித்துவிடும் என்பதால், அந்த விளக்கைச் செய்வதற்கு நெடுங்காலம் பாத்திரம் கிடைக்கவில்லை. 1950களின் பிற்பாதியில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஸ்கெனெக்டடி ஆய்வகத்தில் ராபர்ட் கோபிள், அலுமினாப் பொடியில் கால் சதவீத அளவுக்கு மெக்னீசியா, அதாவது மெக்னீசியம் ஆக்சைடு, கலந்து சுட்டால், படிகமணிகள் அவசரப்பட்டு வளர்ந்து துளைகளைத் தமக்குள் விழுங்கிக்கொள்ளாமல், அவை வெளியேற வழிவிடுகின்றன என்று கண்டார். லூக்கலாக்ஸ் என்று பெயரிடப்பட்ட அந்தப் பொருளால்தான் 1960களின் நடுப்பகுதியில் சோடியம் விளக்கு தெருவுக்கு வந்தது.

மின்துறையில் பணிபுரியும் நண்பர் ஒருவர் கொடுத்த அத்தகைய குழாய் ஒன்று என் மேசையில் இருக்கிறது. செய்தித்தாளின்மேல் படுக்க வைத்தால் எழுத்துகள் ஒருவாறு தெரியும். இரண்டு விரற்கடை உயர்த்தினால் கரைந்துபோகும். முந்தைய விடையில் சொன்ன 0.008 இதுதான். (உங்களுக்கும் பழைய விளக்கு கிடைத்தால் உள்குழாயை உடைக்க வேண்டாம், உள்ளே சோடியமும் பாதரசமும் இருக்கும்.)

அலானை எப்படிச் செய்கிறார்கள்? உருக்கி ஊற்றினால் ஆகாதா?

அது உருகுவதற்கே 2,100 டிகிரி செல்சியசுக்கு மேல் வேண்டும். அந்த வெப்பத்தில் அதை வைக்க நல்ல கலமும் கிடைக்காது. ஆகவே பொடியிலிருந்து தொடங்குகிறார்கள். நுண்ணிய பொடியை அச்சிலிட்டு எல்லாப் பக்கமும் சமமாக அழுத்தி, நைட்ரஜன் நிரம்பிய உலையில் 1,850 டிகிரிக்கு மேல் நெடுநேரம் சுடுகிறார்கள். பிறகும் மிஞ்சும் துளைகளை நசுக்க, ஏறத்தாழ 2,000 வளிமண்டல அழுத்தமுள்ள சூடான வாயுவுக்குள் வைத்து எடுப்பதும் உண்டு. உலையிலிருந்து வரும் பலகை தேய்த்த கண்ணாடி போல மங்கலாகவே இருக்கும். மெருகேற்றிய பின்னரே அதன் வழியாகப் பார்க்க முடியும். இவ்வளவு கடினமான பொருளை மெருகேற்ற வைரப்பொடிதான் வேண்டும் என்பதால், செலவில் பெரும்பகுதி இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் விழுகிறது.

நீலக்கல்லும் தெளிவாக, உறுதியாகத்தானே இருக்கிறது? அதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

நீலக்கல்லும் மாணிக்கமும் வேதியியல்படி அலுமினாவே. கலந்திருக்கும் மாசுதான் நிறத்தை மாற்றுகிறது. இக்கனிமத்தின் ஆங்கிலப் பெயரான ‘கொரண்டம்’ நம்முடைய ‘குருந்தம்’ என்ற சொல்லிலிருந்து போனது என்று ஆங்கில அகராதிகளே எழுதுகின்றன. நீலக்கல் முழுவதும் ஒரே படிகம். உள்ளே மணிகளின் எல்லையே கிடையாது. எனவே மேலே சொன்ன 0.008 தொல்லை அதில் எழுவதில்லை. நிறமற்ற செயற்கை நீலக்கல் கைக்கடிகார முகப்புகளிலும், சில பெரிய கடைகளில் விலைப்பட்டையை வாசிக்கும் கருவியின் மேல்தகட்டிலும் பல்லாண்டுகளாக இருக்கிறது.

ஆனால் படிகத்தை மெல்ல மெல்ல வளர்க்க வேண்டும். பிறகு அதை அறுக்க வேண்டும். வளைந்த கூம்போ கவிகையோ வேண்டுமென்றால் பெரும் கட்டியைக் குடைந்துதான் எடுக்க வேண்டும். செராமிக்கில் பொடியையே அந்த வடிவத்தில் அச்சிட்டுச் சுடலாம். அலானின் உண்மையான ஆதாயம் இதுவே என்பது என் கருத்து. கடினத்தன்மையில் நீலக்கல் அதைவிட ஒரு படி மேலே இருக்கிறது.

குண்டு துளைக்காது என்கிறார்களே, அது மெய்யா?

அலான் பலகை தனியாக நின்று குண்டைத் தடுப்பதில்லை. முன்னால் அலான், நடுவில் கண்ணாடி, பின்னால் பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக் என்று அடுக்கி ஒட்டுகிறார்கள். கவசத்தைத் துளைக்கும் குண்டின் உள்ளே கடினமான உலோக முனை இருக்கும். அதைவிடக் கடினமான செராமிக்கில் மோதியதும் முனை மழுங்கி நொறுங்குகிறது, செராமிக்கும் நொறுங்குகிறது. சிதறிய துண்டுகளை இழுபடும் தன்மையுள்ள பிளாஸ்டிக் பிடித்துக்கொள்கிறது. அதே பாதுகாப்பை வெறும் கண்ணாடி அடுக்கால் பெறுவதற்கு இரு மடங்குக்குக் குறையாத தடிமன் வேண்டும். வண்டியின் எடை அதற்கேற்ப ஏறும்.

ராணுவத்தின் ஆர்வத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அது அதிகம் பேசப்படுவதில்லை. வெப்பத்தைத் தேடிச் செல்லும் ஏவுகணையின் கண் 3 முதல் 5 மைக்ரான் வரையிலான அகச்சிவப்புக் கதிரைப் பார்க்க வேண்டும். ஜன்னல் கண்ணாடி அதை விடாது. அலானும் ஸ்பினெலும் விடும். அதோடு மழைத்துளியும் மணலும் அதிவேகத்தில் மோதினாலும் சொரசொரத்துப் போகாமல் நிற்கும்.

அப்படியென்றால் சுத்தியலால் அடித்தாலும் உடையாதுதானே?

உடையும். கடினம் என்பதும் உடையாமை என்பதும் ஒன்றல்ல. இந்தக் குழப்பம்தான் இந்தத் தலைப்பில் மிகப் பரவலானது. கடினம் என்றால் கீறல் விழாது என்று பொருள். மணலில் உள்ள குவார்ட்ஸ் கண்ணாடியைக் கீறும், அலானைக் கீறாது. ஆனால் ஏற்கெனவே இருக்கும் விரிசல் ஓடாமல் தடுக்கும் ஆற்றல், அதாவது முறிவெதிர்ப்பு, வேறு கணக்கு. அதில் கண்ணாடியைவிட அலான் இரண்டு மூன்று மடங்கு மேல். சாதாரண இரும்பு அலானைவிட இருபது மடங்குக்கும் மேல். உலோகம் விரிசலின் நுனியில் கொஞ்சம் வளைந்து கொடுத்துச் சமாளிக்கும். செராமிக்குக்கு வளையத் தெரியாது. எனவே ஒரு செராமிக் பலகையின் வலிமையை முடிவுசெய்வது அதன் சராசரித் தரம் அன்று. அதில் உள்ள மிகப் பெரிய குறை ஒன்றே.

என் செல்போன் திரையில் இருப்பது இதுதானா? ‘செராமிக்’ என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள்.

இல்லை. பெரும்பாலான போன்களில் இருப்பது, சோடியம் அயனிகளை எடுத்துவிட்டு அவற்றின் இடத்தில் பெரிய பொட்டாசியம் அயனிகளைத் திணித்து மேற்பரப்பை இறுக்கிய கண்ணாடி. 2020இல் ஆப்பிள் தன் ஐபோன் 12இல் கொண்டுவந்த ‘செராமிக் ஷீல்டு’ கண்ணாடிக்குள் நுண்படிகங்களை வளர்த்த கண்ணாடிச்செராமிக். படிகங்கள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியவையாக இருப்பதால் சிதறல் தெரிவதில்லை.

இந்தக் கண்ணாடிச்செராமிக் பிறந்த கதை சுவையானது. 1953இல் கார்னிங் நிறுவனத்தின் டொனால்ட் ஸ்டூக்கி ஒரு கண்ணாடித் துண்டை 600 டிகிரியில் சூடாக்க நினைத்தார். உலை கெட்டு 900 டிகிரிக்குப் போய்விட்டது. உருகிக் குளமாகியிருக்கும் என்று திறந்து பார்த்தால் வெள்ளைத் தகடாக உறைந்திருந்தது. இடுக்கியிலிருந்து நழுவித் தரையில் விழுந்து, உடையாமல் உலோகம் போல ஒலித்தது. உங்கள் வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பின் கறுப்புத் தட்டு அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

போனுக்கு நீலக்கல் திரை கொண்டுவரும் முயற்சியும் நடந்தது. ஆப்பிளுக்காக அரிசோனாவில் பெருமளவில் நீலக்கல் வளர்க்கப் போன ஜிடி அட்வான்ஸ்டு நிறுவனம் 2014 அக்டோபரில் திவால் பாதுகாப்பு கோரியது.

இவ்வளவு நல்ல பொருள் என்றால் வீட்டு ஜன்னலுக்கு ஏன் வரவில்லை?

விலைதான். அமெரிக்க விமானப்படை 2005இல் சொன்ன கணக்குப்படி, குண்டுத்தடுப்புக் கண்ணாடி சதுர அங்குலத்துக்கு 3 டாலரை ஒட்டியும், அலான் கவசம் 10 முதல் 15 டாலர் வரையும் ஆனது. அதுவும் குண்டுத்தடுப்புக் கண்ணாடியோடு ஒப்பிட்ட விலை. நம் ஜன்னல் கண்ணாடியோடு ஒப்பிடவே முடியாது. தவிர, ஜன்னலுக்கு இத்தனை உறுதி தேவையும் இல்லை.

இந்தியாவில் யாராவது இதைச் செய்கிறார்களா?

செய்கிறார்கள். ஐதராபாத்தில் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின்கீழ் இயங்கும் பொடி உலோகவியல் மற்றும் புதுப்பொருள்களுக்கான ஆய்வு மையம் ஸ்பினெல் செராமிக்குகளை உருவாக்கியிருக்கிறது. வெப்பப் படக்கருவி ஜன்னல்களும், தலைக்கவசம், முகத்தடுப்பு போன்ற பாதுகாப்புப் பொருள்களும் அதன் பயன்களாகச் சொல்லப்படுகின்றன.

உண்மையான அலுமினிய உலோகத்தையே லேசரால் ஒளி ஊடுருவச் செய்துவிட்டார்கள் என்று படித்தேன். நீங்கள் இரண்டாவது விடையில் முடியாது என்கிறீர்களே?

இரண்டும் சரிதான். 2009இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் தலைமையிலான குழு, ஹாம்பர்க் நகரில் உள்ள ஃபிளாஷ் என்னும் ஆய்வு லேசரை நுண்ணிய அலுமினியப் படலத்தின்மேல் பாய்ச்சியது. துடிப்பின் முன்பகுதி ஒவ்வோர் அணுவிலிருந்தும் ஓர் உள்ளடுக்கு எலக்ட்ரானைப் பெயர்த்துவிட, உட்கவர ஆளில்லாமல் பின்பகுதி கடந்து சென்றது. ஆனால் அந்த ஊடுருவல் கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிருக்கு மட்டுமே. நீடித்தது சுமார் 40 ஃபெம்டோ விநாடி. நொடியைக் கோடி கோடிப் பங்காகப் பிரித்தால், அதில் நான்கு பங்குதான். செய்தித்தலைப்புகள் இதையும் அலானையும் ஒன்றாக்கிவிட்டன.

அலானைவிட உறுதியாக ஏதாவது வருமா?

வந்திருக்கிறது, மிகச் சிறியதாக. 2017இல் ஹாம்பர்கின் டெசி ஆய்வகத்தில் நோரிமாசா நிஷியாமாவின் குழு, சாதாரண நிலையில் ஒளி விடாத சிலிக்கான் நைட்ரைடை 1,800 டிகிரியில், வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 1,56,000 மடங்கு அழுத்தத்தில் வைத்துக் கனசதுர அமைப்புக்கு மாற்றியது. தெளிவான, வைரத்தையும் கனசதுர போரான் நைட்ரைடையும் அடுத்த கடினமுள்ள செராமிக் கிடைத்தது. அதன் விட்டம் சுமார் 2 மில்லிமீட்டர். அந்த அழுத்தத்தைப் பெரிய பரப்பில் தருவதற்கு வழி கிடைக்கும்வரை, அது ஆய்வகத்தின் பெருமையாகவே இருக்கும்.

கடைசியாக ஒன்று: படத்தில் வரும் அந்தத் திமிங்கிலத் தொட்டியை இன்றைக்கு அலானால் கட்டலாமா?

இந்தக் கேள்விக்காகவே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். படத்தில் சொல்லப்படும் பலகை 60 அடிக்கு 10 அடி. அக்ரிலிக் என்னும் தெளிவான பிளாஸ்டிக்கில் ஆறு அங்குலத் தடிமன் வேண்டும், புதிய பொருளில் ஓர் அங்குலம் போதும் என்பார்கள். 10 அடி நீரின் அழுத்தத்தை மேலும் கீழும் தாங்கி நிற்கும் பலகையாகக் கொண்டால், ஆறு அங்குல அக்ரிலிக்கில் ஏற்படும் தகைவு, அதாவது பரப்பளவுக்கு இவ்வளவு என்று உள்ளே எழும் விசை, 4 முதல் 5 மெகாபாஸ்கல் வரை வருகிறது. அக்ரிலிக்கின் வலிமை 70ஐ ஒட்டியது. ஆண்டுக்கணக்கில் நீரைத் தாங்க வேண்டிய தொட்டிக்கு இது பொருத்தமான பாதுகாப்பு விகிதம். வசனம் எழுதியவர் யாரையோ கேட்டுத்தான் எழுதியிருக்கிறார்.

ஓர் அங்குல அலானில் அதே கணக்கு 160 மெகாபாஸ்கலைத் தாண்டுகிறது. சிறு மாதிரிகளில் அலானின் வளைவு வலிமை 300க்கு மேல் அளக்கப்பட்டிருப்பதால் தாங்கும் என்று தோன்றும். ஆனால் சுத்தியல் கேள்விக்குச் சொன்ன விடையை நினைவில் கொள்ளுங்கள்: பரப்பு பெரிதாகப் பெரிதாக, அதில் ஒரு பெரிய குறை இருப்பதற்கான வாய்ப்பும் ஏறும். எந்தப் பொறியாளரும் அதில் கையெழுத்துப் போட மாட்டார். கதவளவுப் பலகையைச் சுடுவதே இன்னும் எளிதல்ல என்னும்போது 60 அடிக்கு உலையும் இல்லை. எடையில் மட்டும் அலான் வெல்லும்: அக்ரிலிக் சுமார் 10 டன், அலான் 5 டன்னுக்குச் சற்று மேல்.

பார்வைக்கும் அக்ரிலிக்கே மேல். அலானின் ஒளிவிலகல் எண் 1.79 என்பதால் காற்றில் ஒவ்வொரு முகத்திலும் 8 சதவீத ஒளி திரும்பிவிடும். அக்ரிலிக்கின் எண் 1.49, அதில் 4 சதவீதமே திரும்பும். 2002இல் திறக்கப்பட்ட ஜப்பானின் ஒகினாவா சுராவுமி மீன்காட்சியகத்தில் திமிங்கிலச் சுறாக்கள் நீந்தும் தொட்டியின் முகப்பு 22.5 மீட்டர் அகலம், 8.2 மீட்டர் உயரம், 60 சென்டிமீட்டர் தடிமன். முழுவதும் அக்ரிலிக்.